மறுபடி கேட்கும் பொத்தான்

தம்பி,

இதை உன் மாட்டாஸ்பத்திரி வாசலில் மாடுகள் காத்திருக்கும்போது நின்றுகொண்டே படிக்காதே. வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி, மாலதியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், இப்போது போனில் எனக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். ஒருவர் சொல்வதைக் காதில் வாங்காமலே சரி போடும் அந்த வித்தையை உனக்குக் காட்டிக் கொடுத்தவனே நான்தான். கடிதத்துக்குச் சரி போட முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. நேற்றுக் காலை உன் அம்மா கொல்லையில் துணி காயப்போட்டபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "பால் பொங்கப் போவுது, அடுப்ப அணைச்சிடுங்க" என்றாள். நான் எழுந்து போய் அணைத்தேன். அவள் கையில் ஈரப் புடவையோடு வாசற்படியில் வந்து நின்று என்னையே பார்த்தாள். "கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் மத்தியானம் வரைக்கும் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பால் பொங்காததற்காக இப்படிச் சந்தோஷப்பட்ட கிறிஸ்தவக் குடும்பம் இந்த ஒரத்தநாட்டுப் பக்கத்தில் வேறு இருக்காது.

உனக்கு நான் சொன்ன பொய்களில் சின்னதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ வாங்கிக் கொடுத்த காது மெஷினை மூன்று நாள்தான் போட்டேன். நாலாம் நாள் கழற்றி, நம் அரிசி மில் மேஜை டிராயரில் பழைய பெல்ட் துண்டுகளோடு போட்டுவிட்டேன். நீ போனில் கேட்கும்போதெல்லாம் "பிரமாதமா கேக்குதுப்பா" என்றேன். உண்மையில் அது எனக்கு நரகமாக இருந்தது. பேப்பரைப் புரட்டினால் ஓலைக்கூரை பிய்கிற மாதிரி சத்தம். தட்டு விழுந்தால் நெஞ்சு அடைத்தது. எல்லாமே கேட்டது, பேச்சைத் தவிர. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தால் ஃபேன் சத்தம்தான் எனக்குக் கிடைத்த நற்செய்தி.

அந்த மெஷினை நான் மறுபடி எடுத்துப் போட்டது உன் மகளால். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்திருந்தபோது யாழினி என் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னவோ கேட்டாள். குழந்தைக் குரல் மெல்லியது, எனக்கு முதலில் போனதே அந்த மாதிரிக் குரல்கள்தான். நான் வழக்கம்போலத் தலையாட்டி "ஆமா, ஆமா" என்றேன். மறுபடி கேட்டாள், மறுபடி ஆமா. நாலு தடவை ஆனதும் இறங்கி உன் அம்மாவிடம் போய், நான் வாயசைவில் படிக்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னாள். "அப்பாயி, தாத்தாகிட்ட எது கேட்டாலும் ஆமாதான் வருது." அதற்குப் பிறகு நீங்கள் கிளம்பும் வரைக்கும் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாலு வயதுப் பிள்ளை என்னைக் கணித்துவிட்டது, தம்பி. எனக்கு அது பொறுக்கவில்லை.

பொங்கல் முடிந்ததும் உன் அம்மா என்னைத் தஞ்சாவூரில் ஒரு காது ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே காது பரிசோதிக்கிற பெண் ஒருத்தி, உன்னைவிட இளையவள். எல்லாம் பார்த்துவிட்டு, "மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்லீங்க அய்யா. சத்தம் உள்ள போவுது. பல வருசமா பேச்சே போவாததால, இரைச்சல்லேருந்து பேச்சப் பிரிச்செடுக்க மூளைக்கு மறந்துபோச்சு. அத மறுபடி பழக்கணும்" என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. நெல்லையும் உமியையும் சேர்த்துக் கொட்டினால் பிரிக்கிற சல்லடை கிழிந்துபோயிருக்கிறது, அவ்வளவுதானே. பெரியவர்களுக்குப் புதிதாக ஒரு பயிற்சி நடக்கிறது, வருகிறீர்களா என்றாள். வருகிறேன் என்றேன். அதற்குள் அவள் ஒரு பெட்டியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து என் கண்ணில் கட்டிவிட்டாள். வி.ஆர். கண்ணாடியாம். உன் அம்மா பார்த்துவிட்டு, "செக்குமாட்டுக்குக் கண்பட்டை கட்டுன மாதிரி இருக்கீங்க" என்றாள்.

மாட்டிய பிறகு பார்த்தால் நான் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் இலை. இரண்டு பக்கமும் ஆட்கள், எதிர்வரிசையில் ஆட்கள், பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், எங்கேயோ நாதஸ்வரம். திரும்பினால் அந்தப் பக்கம் தெரிகிறது, குனிந்தால் இலை தெரிகிறது. டம்ளரில் தண்ணீர் இருந்தது, நான் எடுத்துக் குடிக்கக் கையை நீட்டினேன். "காத்துல தண்ணி குடிக்கிறாரு" என்று உன் அம்மா சொல்ல, அறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். வெறுமனே வேடிக்கை பார்க்க வைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் பேசுவார். யார் பேசினார் என்று அவர் பக்கம் திரும்பி, கையில் கொடுத்திருக்கும் கோலால் காட்ட வேண்டும். என்ன சொன்னார் என்று, கண்முன் எழுதி வரும் நாலு பதிலில் ஒன்றைத் தொட வேண்டும். சரியாகச் செய்தால் கொஞ்சம் இரைச்சலைக் கூட்டுவார்கள், தப்பினால் குறைப்பார்கள். பந்தி பழகினால் டீக்கடை, அப்புறம் பஸ் ஸ்டாண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரத்தநாட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய், நான் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

முதல் வாரம் நான் ஒன்றுக்கும் உதவாதவனாக இருந்தேன். பரிமாறுகிறவன் குனிந்து என்னவோ கேட்பான். நான் தலையாட்டுவேன். அவன் போக மாட்டான். நிஜப் பந்தியாக இருந்தால் நாம் தலையாட்டியதும் சாம்பாரோ ரசமோ ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போயிருப்பான். இவன் வாளியோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், பதில் சொல்லும் வரைக்கும். கோலில் ஒரு நீலப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் சொன்னதையே மறுபடி சொல்வான். மூன்று நாள் அந்தப் பொத்தான் பக்கம் நான் விரலையே கொண்டுபோகவில்லை. அந்தப் பெண் கவனித்துவிட்டாள். "அய்யா, அத அமுக்குனா மார்க்கு குறையாதுங்க. புரியலன்னா மறுபடி கேக்கறதும் பயிற்சிதான்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மறுபடி கேட்டா நம்மள என்னன்னு நெனைப்பான்?" என்றேன். அவள் சிரிக்காமல் சொன்னாள், "அவன் கம்ப்யூட்டர் பொம்மைங்க அய்யா. ஒண்ணும் நெனைக்க மாட்டான்." பொம்மையிடம்கூட எனக்குக் கௌரவம் பார்க்கத் தோன்றியிருக்கிறது, பார்த்துக்கொள்.

இந்தக் கௌரவம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நீ மில்லில் வளர்ந்தவன், உனக்கே தெரியும். கூலிக்கு அரைக்கிற மில்லில் யாரும் "என்ன?" என்று கேட்பதில்லை. மூட்டையை இறக்கியவர் கத்திச் சொல்வார், இரண்டு மெஷின் ஓடும் இடத்தில் அவர் கத்தல் யாருக்கு எட்டும்? நான் தலையாட்டிவிட்டு நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பேன். இட்லிக்கா சோற்றுக்கா, தவிடு எவ்வளவு போக வேண்டும் என்று நெல்லும் ஆளின் கை ஜாடையும் சொல்லிவிடும். மில்லுக்காரன் தலையாட்டினால் கேட்டுவிட்டான் என்று அர்த்தமில்லை, பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அந்தத் தலையாட்டலை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். மில்லில் காது ஏமாற்றினாலும் கை காப்பாற்றியது. வீட்டில் அள்ளிப் பார்க்க எதுவும் இல்லை.

இனிமேல்தான் பெரிய பொய்.

மார்ச் மாதம் ஒரு நாள் டீக்கடைக் காட்சியில் உட்கார்ந்திருந்தேன். ரேடியோ பாடுகிறது, பாய்லர் சீறுகிறது, நாலு பேர் அரசியல் பேசுகிறார்கள். ஓரத்தில் ஒரு இளைஞன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்கிறான். வாய் தெரியவில்லை. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கை தன்னால் நின்றுவிட்டது, தலை தன்னால் ஆடியது. அவன் காத்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் கணத்தில் அவன் நீயாகிவிட்டான், தம்பி. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தலை சுற்றுகிறதா என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பழக்கம் எங்கே போகும்?

ஏழு வருஷத்துக்கு முந்திய தை மாசம். சம்பா அறுப்பு, மில்லில் மூட்டை அடுக்க இடமில்லை. நீ காலேஜ் ஹாஸ்டலிலிருந்து நேராக மில்லுக்கு வந்தாய். நெல் கொட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டு நீளமாக என்னவோ சொன்னாய். வெட்கம் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு உன் கன்னத்தில் ஒட்டியிருந்த உமித்தூசிதான் தெரிந்தது. காலேஜில் எங்கேயோ டூர் போகிறான், உத்தரவு கேட்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினேன். நீ என் கையைப் பிடித்து இறுக்கினாய், கண் கலங்கியிருந்தது. டூருக்கு எதற்கு இவன் கண் கலங்குகிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மெஷினை நிறுத்தி, "என்னப்பா சொன்ன?" என்று கேட்க அந்த ஒரு நிமிஷம் போதும். நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கோடியக்கரையிலிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. பழத்தட்டு, பூ, ஒரு கூடை நிறைய உயிர் நண்டு. மாலதியின் அப்பா கஞ்சி மொடமொடக்கிற வெள்ளைச் சட்டையில் முதலில் இறங்கினார். நான் வாசல் கேட் பக்கத்தில் நின்று, "யாரு வேணும்?" என்றேன். வழிகாட்டிக்கொண்டு கூடவே வந்து இறங்கிய உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளே உட்கார்ந்ததும் அவர் சொன்னார், "நீங்க சம்மதம் சொல்லிட்டதா தம்பி சொல்லிச்சு. அதான் முறைப்படி வந்தோம்." நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். நீ எழுந்து நின்று, "மில்லுல கேட்டேன்லப்பா. தலையாட்டுனீங்கல்ல?" என்றாய். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். எனக்குக் காது கேட்கவில்லை. அதைச் சொல்லக் கூசி, "அப்புறமா யோசிச்சுப் பாத்தேன். சரிப்பட்டு வராது" என்றேன். செவிடன் என்று பெயர் எடுப்பதைவிட வாக்குத் தவறியவன் என்று பெயர் எடுப்பது எனக்கு மேலாகத் தோன்றியிருக்கிறது. கடற்கரைக்காரர்கள், இந்துக்கள் என்று நான் தட்டிக் கழித்துவிட்டதாக நீ நினைத்தாய், அவர்களும் நினைத்தார்கள், ஊரும் நினைத்தது. நான் ஒருவரையும் திருத்தவில்லை. கூட வந்த பெரியவர் ஒருத்தர், "சொன்ன சொல் நிக்காத வீட்டுல தண்ணி குடிக்கறதில்ல" என்றார். காபியைத் தொடாமல் எழுந்தார்கள். கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போகும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. கூடை கவிழ்ந்து, சாயங்காலம் வரைக்கும் உன் அம்மா கட்டிலுக்கடியிலும் சைக்கிளுக்கடியிலும் நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நண்டு வாங்கியதில்லை. நீ ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாய். உன் அம்மா வந்தாள். நான் வரவில்லை.

அன்று காதில் விழுந்திருந்தால் உடனே சரி என்றிருப்பேனா? தெரியவில்லை. நான் அவ்வளவு பெரிய மனுஷன் இல்லை. சாமியாரிடம் என்ன சொல்வது, சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் என்று நாலு நாள் முரண்டு பிடித்திருப்பேன். நீயும் சண்டை போட்டிருப்பாய். ஆனால் அந்தச் சண்டை நிஜமாக இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த உன் பிடிவாதத்துக்கு ஐந்தாம் நாள் நான்தான் வேன் பிடித்துக்கொண்டு கோடியக்கரை போயிருப்பேன். கேட்காத கேள்விக்குச் சொன்ன பதிலில் ஏழு வருஷம் போய்விட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகுக்கு ஆயுசு கெட்டி.

டீக்கடையில் அழுத அன்றைக்கே, திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதுக்காங்க? இந்த ஒண்ணுக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. காது கேட்க ஆரம்பித்த நேரத்தில் வீட்டில் கேட்பதற்கு ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள், "எங்கிட்ட சொல்லி என்ன ஆவுது? சொல்ல வேண்டிய எடத்துல போயி சொல்லுங்க."

உன்னிடம் வருவதற்கு முன்னால் உன் மாமனாரிடம் போக வேண்டும் என்று தோன்றியது. என் வீட்டு வாசலில் அவமானப்பட்டவர் அவர். போன வாரம் நானும் அம்மாவும் கோடியக்கரைக்குப் போனோம். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டதெல்லாம் எனக்குக் கேட்டது. ஒரே ஒரு தடவை "என்ன சொன்னீங்க?" என்றேன், அவரும் ஒன்றும் நினைக்காமல் மறுபடி சொன்னார். உன் மாமனார் கரையில் படகுக்குப் பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காற்று ஒரு பேய்க்காற்று. எனக்கு அந்தப் பெண் வைத்த பரீட்சை எல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி இரைச்சல். அவருக்கு நேராக மண்ணில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். நான் முடித்ததும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியாதா? எழுந்து பக்கத்தில் போய், "சம்பந்தி, நான் சொன்னது கேட்டுச்சா?" என்றேன். என் காதில் இருந்த மெஷினைப் பார்த்தார். பிறகு வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? முப்பது வருசம் எஞ்சின் படகு. ரெண்டு காதும் போயி நாளாச்சு" என்றார். அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஏழு வருஷமாகச் சொல்ல முடியாததை ஒரே நாளில் இரண்டு தடவை சொன்னேன், தம்பி. இரண்டாம் தடவை லேசாகவே வந்தது. கேட்டு முடித்து அவர் சொன்னார், "அன்னிக்கு ஒங்க வீட்டுல நீங்க பேசுனதும் எனக்குப் பாதிதான் கேட்டுச்சுங்க. தம்பி மூஞ்சிய பாத்தேன். ஏதோ ஆவாதுன்னு எந்திரிச்சுட்டேன்." இரண்டு செவிடர்கள் சேர்ந்து உங்கள் கல்யாணப் பேச்சைக் குலைத்திருக்கிறோம். அவ்வளவு காற்றிலும் நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகுக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

அவர் வீட்டில் தண்ணீர் குடித்தேன். மத்தியானம் நண்டுக் குழம்பு. உன் அம்மா ஏழு வருஷத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள். உன் மாமனாரை அடுத்த வாரம் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறேன். முதலில் பரிசோதனை, அப்புறம் காது மெஷின், அது பழகின பிறகுதான் கண்ணாடி என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். நீலப் பொத்தானை முதல் நாளே அமுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்று தலையாட்டினார். கேட்டதா என்று விசாரித்தேன், கேட்டது.

எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னும் குழம்புகிறேன். பூசைப் பிரசங்கத்தில் பாதி இன்னும் ஃபேனுக்குத்தான் போகிறது, அதில் எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் நெஞ்சில் கிடந்த மூட்டையை இறக்கிவிட்டேன். உனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மாலதி மிக்சி ஓடும்போது ஏதாவது சொன்னால் மிக்சியை நிறுத்திவிட்டுக் கேள். யாழினி நாலு தடவை கேட்டால் நாலு தடவையும் கேள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒருவர் பேசினால் அதை மட்டும் விட்டுவிடாதே, சொல்லக் கஷ்டமானதைத்தான் மனுஷன் அப்படிச் சொல்கிறான். உனக்கும் ஒரு நாள் காது மந்தமாகும், இது நம் குடும்பச் சொத்து. அப்போது கூசாதே.

மே மாச லீவுக்கு மூன்று பேரும் வருகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். மாலதியின் அப்பாவும் அம்மாவும் நீங்கள் வரும் அன்றைக்கே வருகிறார்கள், நான் நேரில் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். மாலதியிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைக் கடிதத்தில் முடித்துக்கொள்ள மாட்டேன். யாழினி கிறிஸ்துமஸ் அன்று என்ன கேட்டாள் என்று அவளுக்கு நினைவிருந்தால் மறுபடி கேட்கச் சொல். நீ மட்டும் வீட்டுக்குள் போகும் முன்னால் மில்லுக்கு வா. மெயின் சுவிட்சை அணைத்து வைத்திருப்பேன். அதே தொட்டிக்குப் பக்கத்தில் நில். இந்தத் தடவை தொட்டியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, அன்று கேட்டதை இன்னொரு தடவை கேள். கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு இது என்ன கூத்து என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள், ஆனாலும் கேள். எனக்குக் கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்வேன், நீ மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். கேட்டுவிட்டால் தலையாட்ட மாட்டேன், வாயைத் திறந்து பதில் சொல்வேன்.

உன் அப்பா